காட்டுக்குள் நின்றுபோன கதை

வணக்கம் நேயர்களே.

கொழும்பு மருதானையில் டி.ஆர். விஜயவர்தன மாவத்தை ஓரமாக இருக்கிற பழைய புத்தகக் கடைகளுக்கு என் அண்ணாவின் மகளை அவ்வப்போது கூட்டிப் போவேன். அவளுக்கு 13 வயது. கிறிஸ்டோபர் பாவோலினியின் மாயாஜால நாவல் ‘எரகன்’ அங்கேதான் கிடைத்தது. நாலு நாளில் முடித்துவிட்டு, இரண்டாம் பாகம் ‘எல்டெஸ்ட்’ வேண்டுமென்று நின்றாள். தேடிப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துக் கேட்டால், “மாமி, அவன் இன்னும் பாடம் படிச்சுக்கொண்டே இருக்கிறான்” என்றாள். புத்தகத்தின் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகிக் கிடந்தது.

அவளிடமிருந்து வாங்கி நானும் படித்தேன்.

பாவோலினி 15 வயதில் எழுதத் தொடங்கியவர். முதல் பாகத்தை 2002இல் குடும்பமே அச்சிட்டது. அடுத்த வருடம் பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. அதில் எரகன் என்ற விவசாயப் பையனுக்கு நீலக்கல் ஒன்று கிடைக்கிறது. கல்லென்று நினைத்தது டிராகன் முட்டை. மாமா கொல்லப்பட, பையன் ஊரைவிட்டு ஓடுகிறான். நமக்கும் மூச்சு வாங்குகிறது.

2005இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் எல்ஃப்கள் என்ற மாய இனத்தாரின் காட்டுக்குப் போகிறான். அங்கே ஒரோமிஸ் என்ற குரு. வாள், மந்திரம், தியானம், போதாக்குறைக்கு மரக்கறிச் சாப்பாட்டின் மேன்மையும். (அம்மா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.)

காட்டில் இருப்பது குற்றமில்லை. பாரதத்தில் வனபர்வம் எவ்வளவு பெரியது! ஆனால் அங்கே அர்ச்சுனன் தவம் இருந்து, வேடனாக வந்த சிவனோடு மல்லுக்கட்டித் தோற்ற பிறகுதான் பாசுபத அஸ்திரம் கைக்கு வருகிறது. எரகனுக்கு என்ன நடக்கிறது? முதல் பாகத்தின் முடிவில் முதுகில் விழுந்த வெட்டு அவனை வதைக்கிறது. பயிற்சிக்கு நடுவே வலிப்பு வந்து சுருண்டு விழுகிறான். உண்மையில் அருமையான சிக்கல் அது. இந்த உடம்போடு எப்படிப் போருக்குப் போவான் என்று நாம் தவிக்கும்போது, ஒரு திருவிழா இரவில் டிராகன்களின் மாயம் தொட்டு எல்லாம் குணமாகிவிடுகிறது. எல்ஃப்களைப் போன்ற பலமும் சேர்ந்து வந்துவிடுகிறது. இத்தனை பக்கம் அவனோடு வலித்த நமக்கு அந்த இடத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது.

இதே புத்தகத்தில் அவனுடைய மச்சான் முறைக்காரன் ரோரன் இருக்கிறான். மந்திரம் தெரியாது, டிராகன் இல்லை, கையில் ஒரு சுத்தியல் மட்டும். காதலி கத்ரீனாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவன் ஊர்ச் சனத்தையே கிளப்பி, மலை தாண்டி, கப்பல் ஒன்றைத் திருடிக் கடலில் இறங்குகிறான். பிள்ளைகுட்டிகளோடு வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிற அந்தப் பக்கங்களை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவனுக்கு எதுவும் சும்மா கிடைப்பதில்லை. அதனால் அவன் வரும் அதிகாரங்களில் கதை நிமிர்ந்து நிற்கிறது.

மூன்று பாகம் என்று தொடங்கியது பிறகு நாலாகி, 2011இல்தான் முடிந்தது. மருமகளிடம் அதைச் சொல்லவில்லை. “எரகனை விட்டுவிட்டு ரோரன் வரும் இடங்களை மட்டும் படி” என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டாள். பஸ் டிக்கெட் மட்டும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.