132 வருஷம் மரத்தடியில் நின்ற துப்பாக்கியா? கட்டைக்குள் கிடைத்த தோட்டா வேறு கதை சொல்கிறது

யாரோ ஒருவர் தன் துப்பாக்கியை ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார், எடுக்க வரவேயில்லை. மரத்தோடு மரமாக அது அங்கேயே நிற்கிறது. 2014 நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவின் தொல்லியல் பணியாளர்கள் அந்தப் பக்கம் வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

[திரையில்: மரமும் துப்பாக்கியும்]

படத்தை நிறுத்தி நன்றாகப் பாருங்கள் மக்களே. துப்பாக்கியின் மரக் கட்டை, அதாவது தோளில் வைக்கிற பகுதி, வெயிலிலும் பனியிலும் வெளுத்துச் சாம்பல் நிறமாகி, நீளவாக்கில் வெடித்து, பக்கத்தில் இருக்கும் அடிமரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டது. குழல் முழுக்கப் பழுப்புத் துரு. அடிக்கட்டை சில அங்குலம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. பாலைவனக் காற்று வறண்டது என்பதால்தான் இந்த அளவுக்காவது மிஞ்சியது.

இது வின்செஸ்டர் கம்பெனியின் 1873 மாடல், லீவரால் இயக்குகிற துப்பாக்கி. மொத்தம் 7 லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள், முதலில் 50 டாலர், 1882-இல் 25 டாலர். ஆக, பணக்காரர் வீட்டு அலங்காரப் பொருள் இல்லை, பண்ணைக்காரரும் வேட்டைக்காரரும் தினமும் தூக்கிக்கொண்டு அலைந்த துப்பாக்கி.

சரி, லீவர் என்ன செய்கிறது? விசைக்குக் கீழே விரல் நுழைகிற வளையம் இருக்கிறதே, அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் இணைப்புகள் முழங்கால் மாதிரி மடங்கி, சுட்டு முடிந்த கூடு மேலே தெறித்து விழும், தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியலும் பின்னால் போய் நிற்கும், குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலே ஏறும். வளையத்தை மேலே இழுத்தால் தோட்டா உள்ளே போய்விடும், அவ்வளவுதான், அடுத்த குண்டுக்குத் தயார். கோல்ட் கம்பெனி இதே தோட்டாவுக்கு ரிவால்வரும் செய்ததால், இடுப்பில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் ஒரே தோட்டா போதும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். துப்பாக்கியை வயோமிங் மாநிலத்தில் உள்ள பஃபலோ பில் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே குண்டு இருந்தால் ஆபத்தாயிற்றே, அதனால் உள்ளூர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், மனிதர்களுக்கு எடுக்கிற அதே எக்ஸ்ரே! குழலில் ஒன்றும் இல்லை. ஆனால் அடிக்கட்டையின் இரும்புத் தட்டில் ஒரு சின்ன மூடி உண்டு, சுத்தம் செய்யும் கம்பியை வைக்கிற பொந்து அது, அதற்குள் ஒரே ஒரு தோட்டா இருந்தது. யூனியன் மெட்டாலிக் கம்பெனி 1887-க்கும் 1911-க்கும் இடையில் செய்த வகை.

இதை விட்டுவிட்டுத்தான் பல செய்தித் தலைப்புகள் "132 வருஷம் மரத்தடியில்" என்று ஓடின. 1882 என்பது, வரிசை எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்த வருஷம், துப்பாக்கி கம்பெனியை விட்டுக் கிளம்பிய வருஷம். 132 என்பது துப்பாக்கியின் வயது. 1887-இலோ அதற்கு அப்புறமோ யாரோ ஒருவர் அந்த மூடியைத் திறந்து தோட்டாவை உள்ளே போட்டிருக்கிறார் என்றால், அதுவரை அது மனிதர் கையில்தானே இருந்திருக்க வேண்டும்? மரத்தடிக்கு எப்போது வந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. நூறு வருஷம் நின்றிருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

அருங்காட்சியகத்தார் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கவில்லை, புதுக் கட்டை மாட்டவில்லை. உதிர்கிற மரச் சிம்புகளை மட்டும் பசை வைத்து நிறுத்தினார்கள். என்னைக் கேட்டால் இதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது, ஏனென்றால் பாலீஷ் போட்ட 1873 மாடல் எத்தனையோ கிடைக்கும், இப்படி வெளுத்தது இது ஒன்றுதான். தாத்தா காலத்துப் பொருள் ஏதாவது வீட்டில் இருந்தால், மணல்தாளை எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை யோசியுங்கள், தயவுசெய்து.

இப்போது அது கிரேட் பேசின் பூங்காவிலேயே காட்சிக்கு இருக்கிறது. அதை மரத்தில் சாய்த்துவிட்டுப் போனவர் ஏன் திரும்பி வரவில்லை, உங்கள் ஊகம் என்ன? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.