வெளியே போன பந்து

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

1970 உலகக் கோப்பையின் அரையிறுதி. மெக்சிகோவின் குவாதலஹாராவில் பிரேசிலும் உருகுவேயும் ஆடுகின்றன. டோஸ்டாவ் தள்ளிவிட்ட பந்தை நோக்கிப் பெலே ஓடுகிறார். எதிரே கோல்கீப்பர் மசுர்கேவிச் பாய்ந்து வருகிறார். பெலே பந்தைத் தொடவே இல்லை. பந்து கீப்பரின் ஒரு பக்கமாக உருள, பெலே மறுபக்கமாகச் சுற்றி ஓடிப் பந்தை எட்டுகிறார். உடம்பைத் திருப்பி அடிக்கிறார். பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போகிறது.

அன்று பிரேசில் 3-1 என்று வென்றது. அந்த மூன்று கோல்களை அடித்தவர்கள் யார் என்று கேட்டால் கால்பந்துப் பித்தர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். விழாத இந்தக் கோலை மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அழகா, வெற்றியா என்று கேட்டால் நான் அழகின் பக்கம். ஆனால் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை நான் அழகு என்று சொல்லவில்லை. பெலே கோல் அடிக்கத்தான் அப்படிச் சுற்றி ஓடினார். ஜெயிக்கும் ஆசை இல்லாத ஆட்டத்தில் அழகு பிறக்காது. அந்த ஆசையோடு, தப்பிப் போனாலும் பரவாயில்லை என்கிற துணிவும் சேர வேண்டும்.

சரி, கோப்பை வாங்கித் தராத அழகு எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். 2004 ஐரோப்பியக் கோப்பையில் கிரீஸ் கடைசி மூன்று ஆட்டங்களையும் 1-0 என்றே வென்றது. இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தியது. பலருக்கு அந்த ஆட்டம் அலுப்பு. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பதினொரு பேர் ஒரே உடம்பாக நகர்ந்து இடைவெளிகளை அடைப்பதற்கும் கலை வேண்டும். என்னை உறுத்துவது வேறு: லேசாக உரசியதும் உருண்டு புரள்வது, முன்னிலை கிடைத்ததும் நேரத்தைக் கடத்துவது. அங்கே ஆட்டமே நின்றுபோகிறது.

1982 உலகக் கோப்பைக்கு வருகிறேன். பார்சிலோனாவின் சாரியா மைதானம். இத்தாலிக்கு எதிராக பிரேசிலுக்கு டிரா ஆனாலே போதும், அரையிறுதிக்குப் போய்விடலாம். சீக்கோ, சாக்ரடீஸ், ஃபால்காவ், செரேசோ என்று நடுக்களம் முழுக்கக் கலைஞர்கள். 2-2 ஆன பிறகும் பயிற்சியாளர் தெலே சாந்தனாவின் பிரேசில் அணி கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. இத்தாலியின் பாவ்லோ ரோஸி தன் மூன்றாவது கோலை அடித்தார். பிரேசில் ஊர் திரும்பியது. பத்திரமாக ஆடியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிரேசிலின் இரண்டாவது கோலைத்தான். முதல் பாதியில் செரேசோ அசட்டையாகத் தட்டிய ஒரு பாஸைப் பறித்துத்தான் ரோஸி தன் இரண்டாவது கோலை அடித்திருந்தார். அந்தத் தவறின் பாரம் செரேசோவின் தலையில். அப்புறம் இரண்டாம் பாதியில், பெனால்டி கட்டத்தின் விளிம்பில் பந்து ஃபால்காவிடம் இருக்கிறது. செரேசோ வலது ஓரமாகப் பாய்ந்து ஓடுகிறார். அவருக்குத்தான் பந்து வரப்போகிறது என்று இத்தாலியின் தடுப்பாட்டக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். நடுவே வழி திறக்கிறது. ஃபால்காவ் இடது காலால் அடிக்கிறார், கோல்.

செரேசோ அந்தப் பந்தைத் தொடவே இல்லை.