தில்லிக்குப் போட்ட ஓட்டு தில்லிக்குத்தான்

நடுவர் அவர்களே, வணக்கம். 'நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு மக்கள் ஓட்டுப் போடுவது தில்லியை நினைத்தா, கோட்டையை நினைத்தா?' என்பது தலைப்பு. எதிரணியில் பேசிய அக்கா, கோட்டையை, அதாவது மாநில ஆட்சியை நினைத்துத்தான் என்று அடித்துச் சொன்னார். "எம்.பி. பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது, இதில் தில்லியை நினைத்து எங்கே போடுவது?" என்று கேட்டுவிட்டு, நல்ல கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். கைதட்டியவர்களில் நானும் உண்டு. ஆனால் அக்கா, எம்.பி. பெயர் தெரியாது என்பது உங்கள் அணிக்குப் பலமா, எங்கள் அணிக்கா? பெயர் தெரியாத ஒருவருக்காக ஏப்ரல் மாத வெயிலில் வரிசையில் நிற்கிறார்களே, எதற்கு? அங்கே யார் பிரதமராக வர வேண்டும், அதைவிட முக்கியமாக யார் வரவே கூடாது என்று மனதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதற்குத்தான்.

சரி, கணக்குக்கே வருவோம். 1980-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருக்கிறார். ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தில்லியில் ஆட்சிக்கு வந்த ஜனதா கட்சியின் உட்சண்டையைப் பார்த்து ஊரே சலித்துப்போயிருந்த நேரம். தி.மு.க. இந்திரா காங்கிரஸோடு சேர்ந்து 'நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக' என்று போனது. 39 தொகுதிகளில் 37 அந்தக் கூட்டணிக்கு, எம்.ஜி.ஆருக்கு மிஞ்சியது கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும்தான். எதிரணி சொல்வதுபோலப் பார்த்தால், எம்.ஜி.ஆர். கதை அன்றோடு முடிந்துவிட்டது. தில்லியிலும் அப்படித்தான் நினைத்தார்கள். மக்களவையில் தோற்றவர்கள் மாநிலத்திலும் மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்று சொல்லி, பிப்ரவரியில் ஒன்பது மாநில அரசுகளை ஒரே மூச்சில் கலைத்தார்கள், அதில் எம்.ஜி.ஆர். அரசும் ஒன்று. மே மாதம் அந்த ஒன்பது மாநிலங்களிலும் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. எட்டில் இந்திரா காங்கிரஸ் ஜெயித்தது. ஒன்பதாவதாக இருந்த தமிழ்நாட்டில் மட்டும் எம்.ஜி.ஆர். 129 இடங்களோடு திரும்பி வந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே மக்கள், அதே ஊர், நடுவில் நாலைந்து மாதம்.

"அது ஆட்சியைக் கலைத்த அனுதாபம்" என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. அப்படியே இருக்கட்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். கோட்டையில் நடந்த அநியாயத்துக்குக் கோட்டைக்கான தேர்தலில் பதில் சொன்னார்கள் என்றுதானே ஆகிறது? அதைத்தானே நாங்களும் இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால், குழம்புவதெல்லாம் தலைவர்கள்தான். ஜனவரியில் தோற்றதும் எம்.ஜி.ஆரே பதறினார். பிற்படுத்தப்பட்டோருக்குக் கொண்டுவந்த ஒன்பதாயிரம் ரூபாய் வருமான வரம்பை எடுத்தார், 31 சதவீத இட ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். நல்ல காரியம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மே மாதத்தைப் பார்த்தால், மக்கள் அவரை அவ்வளவு கைவிட்டுவிடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்து 2004. எதிரணியின் பெரிய ஆயுதமே அதுதான், அக்கா நிறுத்தி நிதானமாகப் படித்தார். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு வீட்டுக்கு அனுப்பியது, ஆடு கோழி பலிக்குத் தடை, மதமாற்றத் தடைச் சட்டம், விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்தது, எல்லாம் சேர்ந்து 39-க்கு 39 தோல்வி, தோற்ற கையோடு அவரே பலவற்றை வாபஸ் வாங்கினார், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி, இல்லை என்று சாதிக்க மாட்டேன். அந்தக் கோபம் அந்த ஓட்டில் இருந்தது. ஆனால் அது மட்டும்தான் இருந்தது என்றால் 2006-இல் என்ன நடந்திருக்க வேண்டும்? கோட்டைக்கே நேரடியாக ஓட்டுப் போட வாய்ப்பு வந்தபோது அந்த அம்மாவைத் துடைத்து எறிந்திருக்க வேண்டாமா? 39-இல் ஒன்றுகூடக் கொடுக்காத மக்கள் அப்போது 61 இடங்கள் கொடுத்தார்கள். தி.மு.க.வுக்கு 96 தான், தனிப் பெரும்பான்மை கிடையாது, காங்கிரஸ் தயவில்தான் ஐந்து வருடம் ஓடியது. ஆக 2004 பூஜ்ஜியத்தில் ஒரு பகுதி கோட்டை மேல் இருந்த கோபம், இன்னொரு பகுதி 'இந்தியா ஒளிர்கிறது' என்று சொன்ன, அந்த அம்மாவோடு கூட்டணியில் நின்ற பா.ஜ.க. மேல் இருந்தது. அந்த இன்னொரு பகுதியை அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

1999-இல் பா.ஜ.க.வோடு சேர்ந்த தி.மு.க. கூட்டணிக்கு 26 எம்.பி.க்களைக் கொடுத்து, 2001-இல் அதே தி.மு.க.வைக் கோட்டையிலிருந்து இறக்கியதும் இதே மக்கள்தான். கூட்டணி மாறிவிட்டது என்பீர்கள். ஆமாம், மாறியது. மேலே போகிறேன்.

எதிரணி இன்னொன்றும் கேட்டது. "தில்லியை நினைத்துப் போட்டால் தில்லியில் ஜெயிக்கிறவருக்கு அல்லவா போட்டிருக்க வேண்டும்? 2014, 2019, 2024 மூன்றிலும் அங்கே வந்தது ஒருவர், இங்கிருந்து போனது வேறு ஆள்!" நடுவர் அவர்களே, இது என்ன பரீட்சையா, சரியான விடைக்கு டிக் அடிக்க? தில்லியை நினைத்துப் போடுவது வேறு, தில்லியில் ஜெயிக்கப்போகிறவரை ஊகித்துப் போடுவது வேறு. 1977-ஐப் பாருங்கள். நெருக்கடி நிலைக் கோபத்தில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரஸுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, ரேபரேலியில் இந்திராவே தோற்றார். இங்கே அ.தி.மு.க. காங்கிரஸ் கூட்டணிக்கு 34. நம் ஆட்கள் செய்தது சரியா தப்பா என்று தனியாக ஒரு பட்டிமன்றமே வைக்கலாம், எனக்கேகூட அதில் வருத்தம் உண்டு. ஆனால் தில்லியில் யார் என்ற கேள்விக்கு இந்த ஊர் தானே யோசித்து ஒரு பதில் சொன்னது, வடக்கே என்ன பதில் என்று எட்டிப் பார்க்கவில்லை.

2014-இல் ஜெயலலிதா என்ன சொல்லி ஓட்டுக் கேட்டார்? அம்மா உணவகமா, மிக்சி கிரைண்டரா? அதையும்தான் சொன்னார். ஆனால் கடைசியில் ஊரெல்லாம் நின்றது 'மோடியா, லேடியா?' தான். கோட்டையில் இருந்த முதலமைச்சரே தில்லியைக் காட்டித்தான் கேட்டார், தனியாக நின்று 37 ஜெயித்தார், மக்களவையில் மூன்றாவது பெரிய கட்சியாகப் போய் உட்கார்ந்தார்கள். 2018 டிசம்பரில் கலைஞர் சிலைத் திறப்பு மேடையிலேயே ராகுல்தான் பிரதமர் வேட்பாளர் என்று ஸ்டாலின் முன்மொழிந்தார், வடக்கே கூட்டாளிகள் பலர் வாயைத் திறக்கத் தயங்கிய நேரம் அது. அரசியல் செய்து பழுத்த இவர்களுக்குத் தெரியாதா, எதைச் சொன்னால் எந்தத் தேர்தலில் எடுபடும் என்று?

மணியைக் கையில் எடுத்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் நடுவர் அவர்களே, முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

2019-இல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். ஏப்ரல் 18-ஆம் தேதி அவற்றில் 18 தொகுதிகளில் ஒரே வாக்குச்சாவடிக்குள் இரண்டு இயந்திரம், ஒன்று தில்லிக்கு, ஒன்று கோட்டைக்கு. மீதி நாலுக்கு மே 19. எடப்பாடி பழனிசாமி அரசு நிற்குமா விழுமா என்பது அந்த இரண்டாவது இயந்திரத்தில் இருந்தது. மக்களவையில் தி.மு.க. கூட்டணி அள்ளியது, அ.தி.மு.க. அணிக்குத் தேனி ஒன்றுதான். இடைத்தேர்தலிலோ தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9, பழனிசாமி அரசு பிழைத்தது. அந்த ஒன்பது எங்கெங்கே என்று பாருங்கள். தூத்துக்குடியில் கனிமொழி தாமரையை மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார், அதற்குள் இருக்கும் விளாத்திகுளத்தில் இரட்டை இலை. சிவகங்கையில் தாமரை தோற்றது, அதற்குள் மானாமதுரையில் இரட்டை இலை. ராமநாதபுரத்தில் தாமரை தோற்றது, அதற்குள் பரமக்குடியில் இரட்டை இலை. கோவையிலும் அதே கதை, ஒரு மாதம் கழித்துச் சூலூரில் இரட்டை இலை. தாமரையும் இலையும் ஒரே கூட்டணி, ஒரே மேடை, ஒரே பிரசார வேன்!

அடுத்துப் பேச வருகிற தம்பி, அந்த விளாத்திகுளத்தில் இரண்டு இயந்திரத்திலிருந்தும் ஏன் இரண்டு பதில் வந்தது என்று, தில்லி என்ற பேச்சையே எடுக்காமல் விளக்கிவிடட்டும், நான் எழுந்து அந்தப் பக்கமே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.