அம்மன் கையில் ஒரு பூ

வணக்கம் நேயர்களே. தோட்டத்துக் கோயிலில் உற்சவ அம்மனைப் பெரும்பாலும் பட்டும் மாலையும் சாத்தித்தான் பார்க்கிறோம். அடுத்த முறை அபிஷேகம் ஆகும்போது வலது கையைக் கவனியுங்கள். விரல்கள் எதையோ பிடித்தாற்போல் வளைந்து, நடுவே ஒரு பூக்காம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். இதற்குக் கடக முத்திரை என்று பெயர். இடது கை பசுவின் வால்போலத் தளர்ந்து தொங்கும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நடராசர் பக்கத்தில் நிற்கும் சிவகாமியும் இப்படித்தான்.

மெட்டியைக்கூட மெழுகில் இழைக்கிற சிற்பிக்கு ஒரு பூவா பெரிய வேலை? அந்த இடத்தை நமக்காக விட்டிருக்கிறார். அன்றன்று பறித்த பூ வந்தால்தான் அம்மன் முழுமை. சிலர் பிளாஸ்டிக் பூவைக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். வேண்டாமே! கம்பி விரலைக் கீறும்.

அந்த விரல்கள் லேசில் வருவதில்லை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, நிழலில் உலர்த்துவார்கள். சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். 1 கிலோ மெழுகுக்கு 8 கிலோவுக்குக் குறையாமல் உலோகம் வேண்டும். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி உள்ளே குமிழி விழும். அச்சு ஆறிப்போனால் உலோகம் விரல் நுனிவரை ஓடாது. ரப்பர் மரத்தில், மங்குக் கிண்ணத்துக்கு வருமுன் சீவிய கோட்டிலேயே பால் உறைந்துபோகிற மாதிரி. விரல் இல்லாமல் வந்தால் மறுபடி மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். அச்சை உடைத்துத்தானே சிலையை எடுத்தோம்!

இவ்வளவு பாடுபட்டு வந்த சிலையை வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறோம். பளபளக்கும், சரி. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகமும் போகிறது. மூக்கு நுனி மழுங்கும், புருவக் கோடு மறையும். இடுக்கில் தங்கும் உப்பு, நம் ஊர் ஈரக்காற்றில் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை அரிக்கும். பால், பஞ்சாமிர்தம் ஆனதும் நிறையச் சுத்தத் தண்ணீர் விடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், வெறும் தண்ணீர். மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றி, காது மடலையும் வளையல் இடுக்கையும் ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே புடவை கட்டுங்கள். ஈரப்பட்டு உடம்பை ஒட்டியே கிடக்கும்.

சிலைக்குக் கண் செதுக்கும் கண் திறப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் விடவில்லை. தங்க உளி, வெள்ளிச் சுத்தியல், சிற்பியின் கடைசி வேலை. அந்தக் கண் கோடு முடி கனம்தான். புளி முதலில் தின்பது அதைத்தான்.