போதகர் கொண்டுவந்த சீஸ்

வணக்கம்.

1802 ஜனவரி 1. வாஷிங்டனில் அதிபர் மாளிகைக்கு ஒரு பரிசு வந்து சேர்கிறது. ஒரே ஒரு சீஸ். ஆனால் எடை 1,235 பவுண்டு, ஏறக்குறைய 560 கிலோ. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செஷயர் என்ற சிற்றூரின் விவசாயிகள் வீட்டுக்கு வீடு பால் சேர்த்து, ஆப்பிள் சாறு பிழியும் பொறியில் வைத்து அழுத்திச் செய்தது. கடுங்குளிரில் பல நூறு மைல் தாண்டி அதைக் கொண்டுவந்தவர் அந்த ஊரில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஜான் லேலண்ட்.

பரிசு யாருக்கு? தாமஸ் ஜெபர்சனுக்கு. தேர்தல் முழுக்க 'நாத்திகர்' என்று வசைபாடப்பட்டவருக்கு. பைபிளைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர் அப்படிப்பட்டவருக்கு ஏன் இவ்வளவு பெரிய சீஸைச் சுமந்து வர வேண்டும்?

அதற்கு 1800 தேர்தலுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் பதவியில் இருந்த ஜான் ஆடம்ஸும் அவருடைய பெடரலிஸ்ட் கட்சியும். மறுபக்கம் ஜெபர்சனின் ரிபப்ளிகன் கட்சி. இன்றைய ரிபப்ளிகன் கட்சி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் இருபது கடவுள் என்றாலும், கடவுளே இல்லை என்றாலும் எனக்கென்ன, அவன் என் சட்டைப்பையில் கைவிடவில்லை, காலை உடைக்கவில்லை என்று ஜெபர்சன் எப்போதோ எழுதியிருந்தார். வசைபாட அது போதாதா? கடவுளும் பக்தியுள்ள அதிபரும் வேண்டுமா, ஜெபர்சனும் கடவுளில்லா நாடும் வேண்டுமா என்று ஒரு பெடரலிஸ்ட் பத்திரிகை கேட்டது. இவர் ஜெயித்தால் பைபிளைப் பிடுங்கிவிடுவார் என்ற பேச்சு நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் வீடுகளில் புழங்கியது.

பத்திரிகை வசை ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது 1798-இல் பெடரலிஸ்டுகள் போட்ட தேசத்துரோகச் சட்டம். அதிபரையோ நாடாளுமன்றத்தையோ அவதூறாக எழுதினால் சிறை. ஒரு வேடிக்கை, அந்தப் பட்டியலில் துணை அதிபர் இல்லை. அப்போது துணை அதிபர் யார்? ஜெபர்சன்தான். அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்! சட்டம் காலாவதியாகும் தேதியும் கச்சிதம்: 1801 மார்ச் 3, ஆடம்ஸின் பதவிக்காலத்தின் கடைசி நாள். நாளைக்கு எதிரி ஆட்சிக்கு வந்து இதே சட்டத்தை நம் மேல் திருப்பிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

அதில் முதலில் மாட்டியவர்களில் ஒருவர் வெர்மான்ட் மாநிலத்துக் கீழவை உறுப்பினர் மேத்யூ லயன், ஜெபர்சன் கட்சிக்காரர். அதிபருக்கு ஆடம்பர மோகம் என்று எழுதினார். அதே கடிதத்தில், மதத்தின் புனிதப் பெயரை அரசு இயந்திரமாக்கி மனிதனை மனிதன் வெறுக்கச் செய்தால் அதற்கு நான் துணைபோக மாட்டேன் என்றும் எழுதியிருந்தார். நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். பிறகு, 1800 அதிபர் தேர்தலில் ஜெபர்சனும் அவருடைய கட்சிக்காரரான ஆரன் பர்ரும் 73-க்கு 73 என்று சமமாக நின்று, முடிவு கீழவைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1801 பிப்ரவரி 17-இல், 36-ஆவது சுற்றில், வெர்மான்டின் வாக்கை ஜெபர்சனுக்குப் போட்டது இதே லயன்.

சரி, லேலண்டிடம் வருவோம். மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் அரசு ஆதரவு பெற்ற காங்கிரிகேஷனல் என்ற கிறிஸ்தவச் சபைக்கு மக்கள் வரி கட்டினார்கள். பாப்டிஸ்டாக இருந்தால் 'நான் வேறு சபை' என்று தாள் எழுதிக் கொடுத்துத்தான் விலக்குப் பெற வேண்டும். தன் நம்பிக்கைக்குத் தானே விண்ணப்பம் எழுதுவது! கனெக்டிகட்டின் டேன்பரி வட்டாரத்துப் பாப்டிஸ்டுகள் 1801-இல் ஜெபர்சனுக்கு எழுதியது இதைத்தான்: எங்கள் சமய உரிமை உரிமையாக இல்லை, சலுகையாக இருக்கிறது. பெடரலிஸ்ட் ஊரில் ஜெபர்சன் கட்சி, காங்கிரிகேஷனல் ஊரில் பாப்டிஸ்ட். இரண்டு வகையிலும் சிறுபான்மை.

சீஸ் வந்த அதே ஜனவரி 1-இல் ஜெபர்சன் அவர்களுக்குப் பதில் எழுதினார். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே 'பிரிவினைச் சுவர்' என்ற சொற்றொடர் அதில்தான் வருகிறது. கடவுள் மறுப்பாளர்கள் பக்தர்களுக்கு எதிராக எழுப்பிய சுவர் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கியவர்கள் பக்தர்கள்.

அந்தக் கடிதத்தின் வரைவில் ஒரு பகுதியை மையால் அடித்திருந்தார்கள். 1998-இல் எஃப்பிஐ ஆய்வகம் அதைப் படித்துக் கொடுத்தது. அரசின் பெயரால் நோன்பு நாள் அறிவிக்க மாட்டேன் என்பதற்கான விளக்கம் அது. கிழக்கு மாநிலங்களில் நம் கட்சிக்காரர்களுக்கே மனம் நோகும் என்று அட்டர்னி ஜெனரல் லீவை லிங்கன் சொன்னதால் எடுத்துவிட்டதாக ஓரத்தில் ஜெபர்சனே குறித்திருக்கிறார். கொள்கைச் சுவரில் கொஞ்சம் ஓட்டுச் சுண்ணாம்பும் உண்டு.

ஜனவரி 3, ஞாயிறு. லேலண்ட் நாடாளுமன்ற அவையிலேயே பிரசங்கம் செய்தார், ஜெபர்சன் போய் உட்கார்ந்து கேட்டார். 'சாலொமோனிலும் பெரியவர் இங்கே இருக்கிறார்' என்பது அன்றைய வசனம், பைபிளில் இயேசு தன்னைக் குறித்துச் சொன்னது. அதிபரைத்தான் அப்படிப் புகழ்கிறார் என்று ஒரு பெடரலிஸ்ட் உறுப்பினர், அவரும் ஒரு போதகர், கொதித்துப்போனார். எனக்கும் அது கொஞ்சம் ஓவர்தான். அப்புறம் இதையும் சொல்ல வேண்டும்: அந்தச் சீஸ் ஒரு அடிமையின் உதவிகூட இல்லாமல் செய்தது என்று விவசாயிகள் பெருமையாகச் சொன்னார்கள், அடிமைகளை வைத்திருந்தவரிடமே.

1801 பதவியேற்பில் ஜெபர்சன், இந்த ஒன்றியத்தையே கலைக்க நினைப்பவர்கூடத் தொல்லையின்றி இருக்கட்டும், தவறான கருத்தை எதிர்க்கப் பகுத்தறிவு சுதந்திரமாக இருக்கிறதே என்றார். அழகான பேச்சு. பழைய சட்டத்தில் தண்டனை பெற்றவர்களை மன்னித்தும் விட்டார். ஆனால் 1803-இல் அவரே பென்சில்வேனியா ஆளுநருக்கு எழுதுகிறார்: எதிர்க்கட்சிப் பத்திரிகைக்காரர்களில் சிலர் மேல் மட்டும் வழக்குப் போட்டால் நல்ல பலன் கிடைக்கும்.

கனெக்டிகட்டில் அந்தச் சபை வரி ஒழிய 1818 ஆனது. மாசசூசெட்ஸில் 1833. அப்போது லேலண்டுக்கு வயது 79.