மேசையைத் தள்ளியது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஆவி, அருள்வாக்கு, தொடாமலே குணப்படுத்துவது என்று எதைப் பற்றியாவது சந்தேகம் கேட்டுப் பாருங்கள். "அப்படியென்றால் நாங்கள் எல்லாம் பொய் சொல்கிறோமா?" என்று உடனே கோபம் வரும். சந்தேகப்பட்டாலே எதிராளியைப் புளுகர் என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. உண்மையில் அவர் ரொம்ப நேர்மையானவராகவே இருக்கலாம்.

1850களில் ஐரோப்பாவில் மேசை சுழற்றும் மோகம் பரவியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கைகளை அதன்மேல் லேசாக வைத்துக் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை நகரத் தொடங்கும். ஆவி என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர். மின்சாரம் என்று வந்துவிட்டால், அந்தத் துறையில் பேர்போன ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சும்மா இருப்பாரா?

1853இல் அவர் இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவே கண்ணாடி உருளைகளைப் போட்டு, ரப்பர் பட்டையால் கட்டி மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தவர்கள் கையை மேல்பலகையில் வைக்க வேண்டும். மேல்பலகை இம்மி நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்க, நீண்ட புல் தண்டு ஒன்றை முள்ளாகப் பொருத்தினார். மேசை தானாக நகர்ந்து கையை இழுத்தால் கீழ்ப்பலகை முந்த வேண்டும். கை தள்ளினால் மேல்பலகை முந்த வேண்டும். முந்தியது மேல்பலகை. அவர் உட்கார வைத்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். கையைக் கீழ்நோக்கி அழுத்துவதாகவே மனதார நம்பியவர்கள். அந்த முள் அவர்கள் கண்ணில் படும்படி இருந்தபோது மேசை நகரவே இல்லை. தாங்கள் தள்ளுவது தெரிந்ததும் கை தானாக அடங்கிவிட்டது.

இன்னொரு சோதனை எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி செய்தது. உடலைத் தொடாமலே அதன் ஆற்றலைக் கையால் உணர முடியும் என்று சொன்ன 21 சிகிச்சையாளர்களை அவள் சோதித்தாள். அவர்கள் ஒரு தடுப்பின் வழியே இரு கைகளையும் நீட்ட வேண்டும். அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை, சொல்லுங்கள்? 280 முறையில் 123 முறைதான் சரி. சும்மா ஊகித்திருந்தாலே 140 பக்கம் வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டது.

பிரார்த்தனையையும் விட்டுவைக்கவில்லை. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. பிறர் தங்களுக்காக வேண்டுகிறார்களா என்று தெரியாத இரு பிரிவினரில், வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் வேண்டப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம். உடனே, பிரார்த்தனை கெடுதல் என்று குதிக்கும் பகுத்தறிவு நண்பர்களும் உண்டு. அதுவும் அவசரம்தான். நோயாளிகளின் பதற்றமோ தற்செயலோ காரணமாக இருக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்பதையும் இந்த ஆய்வு தொடவில்லை. முன்பின் தெரியாதவர்களின் வேண்டுதல் அறுவைக்குப் பிறகு வரும் சிக்கல்களைக் குறைக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

சரி, சோதனையில் தோற்றால்? "இன்று சக்தி கூடிவரவில்லை", "அவநம்பிக்கைக்காரர் பக்கத்தில் இருந்தார்" என்று சாக்கு வரும். இதனால்தான் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, எது வெற்றி, எது தோல்வி என்று சோதனைக்கு முன்பே இரு தரப்பும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்றார். அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்கு என்று 1964இல் ஆயிரம் டாலரில் தொடங்கிய அவரது பரிசு பத்து லட்சம் டாலர் வரை வளர்ந்தது. 2015இல் அந்தச் சவால் முடிவுக்கு வந்தபோதும் பணம் அப்படியே இருந்தது.