அம்மாவுக்கு இரண்டு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். சிறப்புக் கல்வி ஆசிரியையான என்னிடம் ஆட்டிசம், அதாவது பேச்சிலும் பழகுவதிலும் சத்தம் போன்றவற்றைத் தாங்குவதிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை, உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்கள் பேச்சுப் பயிற்சி, பள்ளிச் சேர்க்கை என்றே கேட்பார்கள். இன்று அப்பிள்ளைகளின் அம்மாக்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணத்தில், என்னிடம் பயிலும் ஆறு வயதுச் சிறுவனின் தாயைப் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டியதும் பையன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலற, அவர் அவனைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் போய் நின்றார். அட்சதை அவர் கைக்குள்ளேயே இருந்தது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்த உறவினர் ஒருவர், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளையின் நிலைக்குத் தாயைக் குறை சொல்லும் இந்தப் பழி பழையது. 1943-இல் ஆட்டிசத்தை விரிவாக விவரித்த மருத்துவர் லியோ கானரே, பெற்றோர் பலரிடம் கனிவு குறைவாக இருந்ததாக எழுதினார். நாளடைவில் அது, தாயின் பாசமின்மையே காரணம் என்று மருத்துவர்களே சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்து, இது உடற்கூறு சார்ந்தது என வாதிட்டார். மருத்துவம் அந்தப் பழியைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. கல்யாண மண்டபங்களுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பழியைவிடவும் தாயை வாட்டுவது தூக்கமின்மை. இப்பிள்ளைகளில் பலருக்கு இரவுத் தூக்கம் சரியாக அமைவதில்லை. நள்ளிரவில் எழுந்து குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் அருகே ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். அவரிடம் காலையில் "தைரியமாக இருங்கள்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

அரசின் உதவிகள் உண்டு. ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகள் உள்ளோருக்கான 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழி அமைந்த நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது; மத்திய அரசுப் பணியில் உள்ள தாய்மாருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே இருக்கும் தாய்க்கு விடுப்புக் கொடுக்க வேண்டியவர்கள் அவ்வீட்டார்தாம்.

நான் பெற்றோரிடம் கேட்பதெல்லாம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அப்பாவோ, அத்தையோ, பாட்டியோ, பிள்ளைக்கு எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் தட்டில் வைத்தால் சாப்பிடுவான் என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நேரத்தை முழுதாக ஏற்க வேண்டும். நடுவில் அவரைக் கூப்பிடக் கூடாது. இது மிக முக்கியம்.

அந்தச் சிறுவனின் வீட்டில் அவனுடைய அத்தை இதை ஏற்றுக்கொண்டார். முதல் சனிக்கிழமை அம்மா கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ போவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அடுத்த அறையில் பாயை விரித்துப் படுத்தார். இரண்டு மணி நேரம் கடந்தும் எழவில்லை, அத்தையும் எழுப்பவில்லை.

வணக்கம்.